இரண்டு விரல் நகர்ந்த சிமினி

இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் மாம்பழமும் பானையும் வரையச் சொல்லிக் கொடுத்தவள் நான். ராயபுரத்தில் ஓவிய ஆசிரியை வேலை என்றால், கணக்கு வாத்தியார் லீவு போட்டால் அந்தப் பீரியடையும் மேய்க்கிற வேலை. மாம்பழத்துக்கு நிழல் எந்தப் பக்கம் விழும் என்று நான் தொண்டை கிழியச் சொல்லாத வருடம் கிடையாது. சொந்தமாக ஒரு படம் வரைய வேண்டும் என்ற ஆசை எனக்கு ஐம்பது வயதைத் தாண்டித்தான் வந்தது. வந்த ஆசை சும்மா வரவில்லை, ஆயில் பெயிண்ட்டோடு வந்தது.

வாட்டர் கலர் என்றால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் ஒரு மூலையில் செய்துவிடலாம். ஆயில் பெயிண்டிங்குக்கு அந்த அடக்கம் கிடையாது. கேன்வாஸ், அதை நிறுத்த மூன்று கால் ஸ்டாண்டு, ஒரு பாட்டில் லின்சீட் எண்ணெய், ஒரு பாட்டில் டர்பன்டைன். டர்பன்டைன் நாற்றத்தில் ரசம்கூட ரசமாக இல்லை என்று என் வீட்டுக்காரர் புலம்பினார். அவர் முப்பது வருடம் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிற பக்கம் வேலை பார்த்தவர். மூக்கு இன்னும் வேலை செய்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எண்ணூர் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பத்தில் பிறந்தவள் நான். கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்துவிட்டேன். என் தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான். அவனுக்கு மீன் பிடிக்கப் போக ஒரு பைபர் போட்டு, ஒரு எஞ்சின், இரண்டுக்கும் சேர்த்து ஒரு வாய். குப்பத்துக்கு வடக்கே ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் ஒரு மணல் திட்டு உண்டு. மழைக்காலம் முடிந்து தை பிறந்தால் அந்தத் திட்டு முழுக்க அடப்பங்கொடி பூத்துக் கிடக்கும். அதைத்தான் வரைவது என்று முடிவு செய்தேன்.

அடப்பங்கொடிக்கு எங்கள் ஊரில் பெரிய மரியாதை கிடையாது. ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலை, ரோஸும் ஊதாவும் கலந்த புனல் போன்ற பூ. ஜெல்லி மீன் பட்டு உடம்பு எரிந்தால் மட்டும் அந்த இலையைத் தேடுவார்கள், கசக்கித் தேய்ப்பார்கள். மற்ற நாளெல்லாம் அதன்மேல் வலை காயப்போடுவார்கள், மிதித்துக்கொண்டு நடப்பார்கள். வேறு எதுவும் கிடைக்காத அன்றைக்குத்தான் ஆடுகூட அதில் வாய் வைக்கும். இப்படிப்பட்ட பூவுக்காக நான் திருவொற்றியூரிலிருந்து விடிவதற்குள் ஷேர் ஆட்டோ பிடித்து, ஸ்டாண்டைத் தோளில் மாட்டிக்கொண்டு மணலில் நடந்தேன் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்.

அந்தப் பூவோடு ஒரு தகராறு என்னவென்றால், காலையில் விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். எனக்கு ஆறு மணியிலிருந்து பத்து மணி வரைதான் நேரம். அதற்குள் அந்த ரோஸ் நிறத்தைப் பிடிக்க வேண்டும். வெள்ளையில் ரோஸைக் கலந்து துளி ஊதா சேர்த்தால் ஒரு நாள் சரியாக வரும், மறுநாள் அதே கலவை பிளாஸ்டிக் குடம் மாதிரி இளிக்கும். பூவின் தொண்டைக்குள் இருக்கிற அடர்ந்த ஊதாவுக்கு மட்டும் நான்கு காலைகள் போயின. போதாததற்கு காற்று அடித்தால் மணல், காற்று நின்றால் அனல்மின் நிலையத்துச் சாம்பல். ஈரமான ஆயில் பெயிண்ட் இரண்டையும் வா வா என்று வாங்கி வைத்துக்கொள்ளும். ராவணன் மீசை என்று ஒரு முள்புல் இருக்கிறதே, அதன் காய்ந்த தலை பந்து பந்தாகக் காற்றில் உருண்டு வரும். அதில் ஒன்று நேராக வந்து என் கலர் தட்டில் இறங்கி, குளித்துவிட்டு ரோஸாக எழுந்து போனது. இன்றைக்கும் அந்தப் படத்தைத் தடவினால் நறநறவென்று இருக்கும். எண்ணூரை எண்ணூர் மண்ணைக் கொண்டே வரைந்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். துடைக்க முடியவில்லை என்பதுதான் உண்மை.

மீன் கூடையோடு அந்தப் பக்கம் போகிற பெண்கள் தினமும் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

"இன்னா டீச்சரம்மா, எம்மா நாளா அந்த ஒரு பூவையே வரஞ்சிகினு கீற?" என்று ஒருத்தி கேட்டாள். "நீ ஆரம்பிச்ச பூவு எப்பவோ வாடிப் பூடுச்சி. இப்ப அதோட பேத்தி பூத்துகினு கீது."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. நான் பேத்தியை வரைந்தேன்.

இந்த நேரத்தில்தான் ஊர்த் தலைவர் மணல் திட்டுக்கே தேடி வந்தார். குப்பத்து சமூகக் கூடத்துக்கு வெள்ளையடித்துப் புது டைல்ஸ் போட்டிருந்தார்கள். சுவர் வெறிச்சென்று கிடக்கிறதாம். அந்தச் சுவருக்கு நான் வரைகிற படம் வேண்டும் என்றார். நான் ஒரு சாண் உயர்ந்துவிட்டேன். ஆனால் அவர் ஒரு நிபந்தனையும் போட்டார்.

"ஊரு தெரியணும் டீச்சர். பூவு மட்டும் கீதுன்னா, பூக்கடை போர்டை எடுத்தாந்து மாட்டிக்கிறோம்னு நெனச்சிக்குவாங்க."

பூவுக்குப் பின்னால் ஊரை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் சிக்கல். திட்டிலிருந்து பார்த்தால் ஊரை மறைத்துக்கொண்டு கருங்கல் குவியல் நிற்கிறது. கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டி வைத்தது. முன்னால் பூ, நடுவில் தண்ணீர், தூரத்தில் ஊர் என்று என் மனதில் ஒரு படம் இருந்தது. அந்தத் தூரத்து ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் கடலுக்குள் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். தம்பியிடம் கேட்டேன்.

இங்கே என் தம்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவனுக்குப் பதினேழு வயதாகும்போது அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். எனக்குப் பத்தொன்பது, ஓவிய ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அப்பா அவனை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டு ஒரு இடத்தைச் சொல்லிவிட்டுப் போனார். கடலுக்கடியில் பாறைத் திட்டாக இருக்கும் இடத்தை எங்கள் ஊரில் பார் என்பார்கள். அங்கே சங்கராவும் கலவாவும் தங்கும், தூண்டில் போட்டால் வெறுங்கையோடு வர வேண்டியதில்லை. அப்படி ஒரு பாரை அப்பா தனியாகக் கண்டுபிடித்து வைத்திருந்தாராம், ஒருவருக்கும் தெரியாதாம். தம்பி பள்ளிக்கூடத்தை விட்டான், போட்டில் ஏறினான். நான் படிப்பை முடித்தேன். அந்தப் பாரில் பிடித்த மீனில்தான் முடித்தேன். இதை அவன் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை, அதனால்தான் எனக்கு அதிகமாக உறுத்தும்.

முப்பது வருடத்துக்கு மேலாக அவன் அந்தப் பாரைக் காத்த அழகு இருக்கிறதே, நகைக்கடைக்காரன்கூட அப்படி ஒரு பெட்டியைக் காத்திருக்க மாட்டான். அவன் போட்டில் ஜிபிஎஸ் உண்டு. ஊரறிந்த இடமெல்லாம் அதில் பதிந்திருக்கும், இந்தப் பார் மட்டும் இருக்காது. ரிப்பேருக்குக் கொடுத்தால் கடைக்காரன் பார்த்துவிடுவானாம். பார் இருப்பது தென்கிழக்கே. இவன் கரையிலிருந்து வடக்கே, பழவேற்காட்டுக்குப் போகிறவன் மாதிரி போவான். கரையில் இருப்பவர்களுக்குப் போட்டு கண்ணில் படாத தூரம் போனதும், ஒரு பெரிய சுற்றுச் சுற்றித் தெற்கே வருவான். திரும்பும்போதும் அதே சுற்று. எல்லாம் முக்கியமாக ஒரு ஆளுக்குப் பயந்து.

அந்த ஆள் எதிர்வீட்டு மாமா. சொந்தம் ஒன்றும் இல்லை, முறைக்கு மாமா. அப்பா காலத்திலிருந்து அவருடைய போட்டுக்கும் எங்கள் போட்டுக்கும் போட்டி. யாருக்குப் பெரிய மீன் பட்டது, யார் முதலில் கரை சேர்ந்தது என்று இரண்டு வீட்டுக்காரர்களும் முறைத்துக்கொண்டே வளர்ந்தோம். இப்போது முட்டி தேய்ந்து கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஆனாலும் விடியற்காலையில் கரையில் வந்து குந்திவிடுவார். தம்பி போட்டைத் தள்ளும்போது தினமும் ஒரே கேள்வி.

"இன்னா நைனா, இன்னிக்கு எங்க?"

"வடக்க மாமா."

"போ போ. வடக்க நல்ல காத்து."

தம்பி திரும்பி ஜாடையாகச் சிரித்துக்கொள்வான். அந்தக் கிழவரை இத்தனை வருடமாக ஏமாற்றுவதில் அவனுக்கு மீன் கிடைப்பதைவிடப் பெரிய சந்தோஷம்.

எங்கள் பக்கம் பெண்கள் தொழிலுக்குப் போகிற போட்டில் ஏறும் வழக்கம் இல்லை. மூன்று வாரம் நச்சரித்தபிறகு தம்பி ஒத்துக்கொண்டான். ஆனால் எனக்காக ஒரு நாள் தொழிலை விட மாட்டானாம். பாருக்கே கூட்டிப்போவான், நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

"எங்க போனோம்னு யாராண்டயும் மூச்சு வுடாத. அந்தக் கெய்வனாண்ட சாவுற வரைக்கும் சொல்லாத."

"அவர் சாகும் வரைக்குமா, நான் சாகும் வரைக்குமா?"

"ரெண்டு பேரும்தான்" என்றான்.

வடக்கே போய்ச் சுற்றி வருவதற்குள் எனக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. மீனவன் வீட்டுப் பெண் என்று இத்தனை நாள் ஸ்டாஃப் ரூமில் பீற்றிக்கொண்டதெல்லாம் ஒவ்வொன்றாகக் கடலில் போனது. ஒரு வழியாகப் போட்டு வேகம் குறைந்தது. தம்பி எழுந்து நின்று கரையைப் பார்த்தான். கையை நீட்டி இரண்டு விரலைக் கண்ணுக்கு நேரே பிடித்தான், உதடு என்னவோ முணுமுணுத்தது. அம்மன் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிடுகிறான் போல என்று நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கடலில் இடம் கண்டுபிடிக்கிற கணக்கெல்லாம் ஆண்களுக்குள் போகிற சமாச்சாரம், எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. அவன் நங்கூரம் போட்டுத் தூண்டிலில் மும்முரமானதும் நான் போனை எடுத்தேன். இளவெயிலில் ஊர் ஒரு கோடாகத் தெரிந்தது. கோபுரம், செல்போன் டவர், ஐஸ் பேக்டரி, தண்ணீர் டேங்க், அதை ஒட்டினாற்போல் எட்டிப்பார்க்கும் வள்ளூர் அனல்மின் நிலையத்துச் சிமினி. இரண்டு படம் எடுத்துக்கொண்டேன்.

கொடுத்த வாக்கை நான் அப்படியே காப்பாற்றினேன். ஒரு ஆளிடம் மூச்சு விடவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. போனிலிருந்த ஊரை வீட்டில் உட்கார்ந்து கேன்வாஸில் பூவுக்குப் பின்னால் ஏற்றினேன். இருபத்தாறு வருடம் பிள்ளைகளிடம், பார்த்ததை வரை, நினைத்ததை வரையாதே என்று கத்தியவள் இல்லையா. டேங்குக்கும் சிமினிக்கும் இருந்த மயிரிழை இடைவெளியைக்கூட ஸ்கேல் வைத்து அளந்து போட்டேன். படம் எனக்கே பிடித்துவிட்டது. முன்னால் மணலெல்லாம் ரோஸ், நடுவில் வெள்ளி மாதிரி தண்ணீர், தூரத்தில் எங்கள் ஊர். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் மாட்டுவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை தம்பி மீன் கொடுக்க வந்தான். படத்தைப் பார்த்தவன், சோக்கா கீதுக்கா என்று தொடங்கினான். பாதியில் நின்றான். மீன் பையைக் கீழே வைத்தான். கையை நீட்டி இரண்டு விரலைக் கண்ணுக்கு நேரே பிடித்தான். பிறகு போய்ப் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தான்.

"இத்த எங்க மாட்டப் போற?"

"கூடத்துலதான்."

"ஊரு ஆம்பளைங்க மொத்தமும் குந்திகினு டீ குடிக்கிற எடத்துல."

"ஆமா. அதுக்கு என்ன?"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம்தான் எனக்குப் பாடம் நடந்தது. கடலில் நிற்கிறவனுக்குக் கரையில் இருக்கும் இரண்டு பொருள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தெரிந்தால் அது ஒரு கோடு. டேங்கை ஒட்டிச் சிமினி தெரிவது ஒரு கோடு. கோபுரத்து உச்சிக்கு நேர் பின்னால் டவர் தெரிவது இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நின்றால்தான் இரண்டும் ஒரே சமயத்தில் அப்படித் தெரியும். அந்த இடம்தான் பார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், நான் வாயை மூடிக்கொண்டு கையால் கெட்டேன். முப்பது வருட ரகசியத்தை மூன்றடிக்கு நாலடி அளவில், ஆயில் பெயிண்ட்டில், பூ வைத்து அலங்கரித்து வைத்திருந்தேன்.

"சிமினிய நவுத்து" என்றான் தம்பி.

"முடியாது. நான் பார்த்ததைத்தான் வரைவேன்."

"நீ பாத்தது யாரு போட்டுல குந்திகினு? வாந்தி எடுத்துக்கினே பாத்த, அதுல நூல் புடிச்ச மாதிரி வேற வரஞ்சி வெச்சிக்கிற."

கோபம் வந்தது எனக்கு. இன்னும் இரண்டு வார்த்தை பேசினேன். அவனும் பேசினான். பிறகு அவன் குரல் இறங்கிவிட்டது.

"அக்கா, நம்ம நைனா எனக்குன்னு குட்தது அது ஒண்ணுதான்."

எனக்கென்று அப்பா என்ன கொடுத்தார் என்று யோசித்தேன். அதுவும் அந்தப் பார்தான், இவன் கை வழியாக வந்தது. பெயிண்ட் சுரண்டுகிற கத்தியை எடுத்தேன். பெயிண்ட் இன்னும் உள்ளே காயாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. சிமினியைச் சுரண்டி வழித்து, அந்த இடத்தில் வானத்தை அடைத்து, தள்ளி ஒரு புதுச் சிமினி வைத்தேன். தம்பி பின்னால் நின்றுகொண்டு, இந்தாண்ட, இன்னும் கொஞ்சம், தோ அங்க நிறுத்து என்று லாரிக்கு வழி காட்டுகிற மாதிரி காட்டினான். சரியாக இரண்டு விரல் அளவு. அந்த இடத்தில் ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தான்.

"இந்தக் கோட்டைப் புடிச்சிகினு போறவன் நேரா, சரக்கு ஏத்திகினு வந்து முழுவிப் போன பார்ஜு மேல போயி நிப்பான். வலையப் போட்டான்னா கியிஞ்சுதான் வருவான். அந்தக் கெய்வன் யாரையாச்சும் ஏவி வுடட்டும்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். மாம்பழத்துக்கு நிழல் மாற்றிப் போட்ட பிள்ளைகளை முட்டி போட வைத்தவள், ஒரு சிமினியை இடம் மாற்றிவிட்டுத் தம்பியோடு சேர்ந்து சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் டீயும் போண்டாவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். படத்தை மாட்டியதும் எல்லாரும் செய்த முதல் வேலை, அவரவர் வீட்டைத் தேடியதுதான். என் வூடு எங்க, என் போட்டு எங்க என்று விரலால் தடவப் போனவர்களின் கையைத் தட்டி விடுவதே எனக்கு வேலையாக இருந்தது. ஆடு துன்ற கொடிக்கு இம்மாம் பெரிய படமா என்று ஒருவர் கேட்டார். பூவு மெய்யாலுமே கீற மாதிரி கீது என்று ஒருத்தி சொன்னாள். தம்பி கடைசி வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான், போண்டாவைத் தொடவில்லை. ஆம்பளைகள் ஒவ்வொருவராகப் படத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது.

கடைசியில் எதிர்வீட்டு மாமா கோலை ஊன்றிக்கொண்டு வந்தார். கண் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்தான் ஆகிறது. படத்துக்கு முன்னால் நின்றார். பூவை நிதானமாகப் பார்த்தார். பிறகு ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, இரண்டு விரலைத் தூக்கிப் பிடித்தார்.

"டீச்சரு, சிமினி ராங்கா கீது" என்றார். "ரெண்டு விரலு இந்தாண்ட வரணும்."

கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"எதை வச்சுச் சொல்றீங்க மாமா?" என்றேன்.

"டவரு கோபுரத்துமேல சரியா கீது. அப்ப நீ நின்ன எடம் உங்கப்பன் பாரு. அங்கருந்து பாத்தா சிமினி டேங்கை ஒட்டிக்கினு இருக்கணும். இப்ப நீ போட்டுகிற மாதிரி போனா பார்ஜு வந்துடும். நாளைக்கே புதுசா போட்டு வாங்குன பசங்க எவனாச்சும் இத்தப் பாத்துகினு போயி வலையக் கியிச்சிக்குவான். சரியா போட்டுடு."

தம்பி எழுந்து வந்துவிட்டான். "உனக்கு எப்படி மாமா தெரியும் அந்தப் பாரு?"

மாமா அவனைப் பார்த்தார். சுற்றியிருந்த ஆம்பளைகள் தரையையும் போண்டாவையும் பார்த்தார்கள். ஊர்த் தலைவர் மட்டும் இருமினார்.

"உனக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சிகினு இருந்தியா? தோ, இங்க குந்திகினு கீறவன் அத்தினி பேருக்கும் தெரியும் நைனா. எங்க நைனா காலத்துலேந்தே தெரிஞ்ச பாரு அது. உங்கப்பன் தானே கண்டுபுடிச்சதா உங்கிட்ட கதை வுட்டுட்டுப் பூட்டான்."

"அப்ப ஏன் யாரும் அங்க வரல?"

"உங்கப்பன் பூட்ட எட்டாம் நாளு இதே எடத்துல ஊரு கூடுச்சி. அப்ப கூரைக் கொட்டாய். பையனுக்குப் பதினேழு வயசு, தொழில் தெரியாது, அக்காக்காரி படிச்சிகினு கீறா. அவன் கத்துக்கிற வரைக்கும் அந்தப் பாருக்கு எவனும் போவக் கூடாதுன்னு பேசிக்கினோம். அவ்ளோதான்."

"நான் கத்துகினு எத்தினி வருசம் ஆச்சி மாமா."

"ஆச்சி. சொல்லிடலாம்னுதான் இருந்தோம்." கிழவர் உதட்டைக் கடித்துக்கொண்டார், சிரிப்பை அடக்கத்தான். "நீ வடக்க போயி, அம்மாம் சுத்து சுத்திகினு தெக்க வர்றத எங்க போட்டுங்கள்லேந்து டெய்லி பாத்துகினு இருந்தோமா. சொல்ல மனசு வரல."

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு கூடமே சிரித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனை முப்பது வருடம் ஊரே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, ஒருவரும் அந்தச் சோற்றில் கை வைக்கவில்லை. தம்பி சிரிக்கவில்லை. படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். என் சான்றிதழ், என் வேலை, மாம்பழம், பானை எல்லாம் தம்பி கொடுத்தது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அந்தக் கூடத்தில் போண்டா தின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் தங்கள் தூண்டிலை வேறு இடத்தில் போட்டு எனக்குக் கொடுத்ததாம் அது. நானோ அவர்கள் வலை கிழியட்டும் என்று மூன்று நாளுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு ஒரு சிமினியை நட்டிருக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தம்பி பக்கத்தில் வந்தான். கண்ணைத் துடைத்திருந்தான்.

"அக்கா, கத்தி எடுத்தாந்துகிறியா?"

படம் ஈரமாக இருப்பதால் ஏதாவது பட்டால் சரிசெய்ய வேண்டுமே என்று கத்தி, கலர், பிரஷ் எல்லாம் பையில் கொண்டுவந்திருந்தேன். ஊர் மொத்தமும் பார்க்க, ஸ்டூலின்மேல் ஏறி நின்று பொய்ச் சிமினியை வழித்தேன், பழைய இடத்திலேயே திரும்ப வைத்தேன். இந்தாண்ட, அந்தாண்ட என்று இந்த முறை வழி காட்ட நாற்பது பேர் இருந்தார்கள். இரண்டு முறை சுரண்டியதில் அந்த இடத்து வானம் மட்டும் கொஞ்சம் தடித்துப்போய், அம்மைத் தழும்பு மாதிரி இன்றைக்கும் இருக்கிறது. சரிசெய்து தரட்டுமா என்று பிறகு ஒரு நாள் தலைவரிடம் கேட்டேன். இருக்கட்டும் என்றார்.

அன்று தம்பி வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் விடியலில் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு மணல் திட்டுக்குக் கிளம்பினேன். இன்னொரு கேன்வாஸில் எருக்கம்பூவை ஆரம்பித்திருந்தேன். கரையில் தம்பி போட்டைத் தள்ளிக்கொண்டிருந்தான். மாமா வழக்கம்போல மணலில் குந்தியிருந்தார்.

"இன்னா நைனா, இன்னிக்கு எங்க?"

தம்பி எஞ்சினைச் சரிபார்த்தான், கயிற்றைச் சுருட்டினான்.

"எங்க நைனா பாருக்கு மாமா. நீயும் வர்றியா?"

"முட்டி வலிக்குது."

"நான் தூக்கி வுடுறேன், வா."

கிழவர் கடலைப் பார்த்தார். பிறகு கோலை என் கையில் கொடுத்துவிட்டார். நான்கு பேர் பிடித்து ஏற்றினோம். ஏறும்போது அவர் திட்டிய திட்டுகளை இங்கே எழுத முடியாது. நான் திட்டுக்குப் போய்ச் சேர்ந்து கலரைத் தட்டில் பிதுக்கும்போது திரும்பிப் பார்த்தேன். போட்டில் இரண்டு தலை தெரிந்தது. அது வடக்கே திரும்பவில்லை. தென்கிழக்கே, நூல் பிடித்த மாதிரி போய்க்கொண்டிருந்தது.

மத்தியானம் சங்கரா மீனோடு வந்த தம்பி, குழம்பு கொதிக்கும்போது அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தான். அப்புறம் சொன்னான். நேராகப் போனால் அந்தப் பாருக்கு அரை மணி நேரம்தானாம்.